மாத்திரை வாசலுக்கு வந்த பிறகு: ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குறித்த நிகழ்வு ஆய்வு

2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில், உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஸ்டெப்ஸ்’ முறைப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வயது வந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது அதில் தெரியவந்தது. அந்த நோயாளிகளில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. சர்க்கரை நோய் 17.6 சதவீதம் பேருக்கு இருந்தது; அவர்களில் 10.8 சதவீதம் பேருக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது.

இது மருந்தில்லாத ஊரின் கணக்கு அல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. தொற்றா நோய்களுக்கான முன்னோடித் திட்டம் 2007 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. ரத்த அழுத்தத்துக்குச் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களிலும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குத் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களிலும் நடந்தது. 2012 முதல் அது படிப்படியாக மாநிலம் முழுக்க விரிந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென்றே செவிலியர்கள் அமர்த்தப்பட்டார்கள். 30 வயதைத் தாண்டியவர் காய்ச்சலுக்கு வந்தாலும் பிரஷர் பார்த்து அனுப்பும் வழக்கம் வந்தது. மருந்தும் ஆளும் கட்டடமும் இருந்தும் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் பலன் கிடைத்தது என்றால் கோளாறு எங்கே?

வளரும் நாடுகள் பலவற்றில் தொற்றா நோய்த் திட்டங்கள் முட்டி நிற்கும் இடம் இதுதான். அதனால்தான் தமிழ்நாட்டின் அனுபவத்தை, குறிப்பாக 2021இல் வீடு தேடி மாத்திரை தரத் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை, மற்றவர்களும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

நான்கு படிகள்

உயர் ரத்த அழுத்தம் உள்ள ஒருவர் நலமாக இருக்க நான்கு காரியங்கள் நடக்க வேண்டும். நோய் கண்டுபிடிக்கப்பட வேண்டும், மருந்து தொடங்க வேண்டும், நிறுத்தாமல் தொடர வேண்டும், தொடரும் மருந்தின் அளவு போதுமானதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் 60 சதவீதம் பேர் தாண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் மோசமில்லை என்று தோன்றும். நான்கையும் பெருக்கினால் மிஞ்சுவது 13 சதவீதம்.

இப்போது முகாம் மேல் முகாம் போட்டு, கண்டுபிடிப்பதை மட்டும் 60இலிருந்து 90 சதவீதமாக்கினால் முடிவு 19தான் வரும். நான்கு படிகளையும் 75 ஆக்கினால் 32 வரும். முகாம் நடத்துவது கண்ணுக்குத் தெரியும் வேலை. படமெடுக்கலாம், எண்ணிக்கை சொல்லலாம். மூன்றாவது, நான்காவது படிகளில் நடக்கும் வேலை யார் கண்ணிலும் படாது. பணமும் கவனமும் முதல் படியிலேயே தேங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

2021க்கு முந்தைய முறையில் பெரிய ஓட்டை மூன்றாவது படியில் இருந்தது. மாதத்துக்கு ஒரு முறை, அதற்கென ஒதுக்கிய நாளில், சுகாதார நிலையம் போய் வரிசையில் நின்று 30 நாள் மாத்திரை வாங்க வேண்டும். நூறு நாள் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்குத் துணைக்கு ஒருவர் வர வேண்டும். அவர் கூலியும் போகும். மாத்திரை இலவசம்தான், ஆனால் அதை வாங்கப் போவது இலவசமில்லை. தலைவலியோ மயக்கமோ இல்லாத நோய்க்காக இந்தச் செலவை ஒவ்வொரு மாதமும் யார் செய்வார்கள்? “இப்ப நல்லாத்தான் இருக்கு” என்று நிறுத்திவிடுவார்கள். கொரோனா ஊரடங்கு இந்தச் சிக்கலை எல்லார் கண்ணுக்கும் கொண்டுவந்தது.

2021இல் மாற்றியது என்ன

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. அதே மாவட்டத்தின் சூளகிரி, புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலை, பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பூர் வட்டாரங்களில் 2017 முதல் துணை சுகாதார நிலையங்களைப் பலப்படுத்திப் பார்த்த சோதனை இதற்கு முன்னால் நடந்திருந்தது.

திட்டத்தின் மையத்தில் இருப்பவர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்ப் பெண். பையில் ஒரு டிஜிட்டல் பிரஷர் கருவி, ஒரு குளுக்கோமீட்டர், பதிவேடு. 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் வீட்டிலேயே பிரஷர், சுகர் பார்த்து, மருத்துவர் ஏற்கெனவே எழுதிய மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருவார். மருத்துவர் எழுதாத மருந்தை அவர் தொடங்க முடியாது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிதணிப்புச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார்கள்.

இத்துடன் வயிற்றுவழி டயாலிசிஸ் திரவப் பைகளும் வீட்டுக்கு வருகின்றன. இது எவ்வளவு பெரிய உதவி என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும். 2 லிட்டர் பை நாளைக்கு 3 என்றால் மாதம் 90 பைகள், 180 கிலோவுக்கு மேல். சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் இதை மாவட்டத் தலைநகரிலிருந்து பேருந்தில் தூக்கி வர முடியாது.

2022 டிசம்பர் 29 அன்று திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் தரப்பட்டது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய் பணிக்குழு விருதும் கிடைத்தது. பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் இந்த ஆய்வின் கேள்வி வேறு: வாசலுக்கு மாத்திரை வந்த பிறகு அழுத்தம் இறங்கியதா?

வாசலில் அளப்பதில் வரும் பிழைகள்

எல்லா முடிவும் ஓர் எண்ணைப் பொறுத்தது. அந்த எண் வீட்டுத் திண்ணையில் எடுக்கப்படுகிறது. தண்ணீர்க் குடம் இறக்கிவைத்த கையோடு பட்டையைச் சுற்றினால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். கால் தரையில் பதிய வேண்டும், சம்மணம் கூடாது. பட்டை கட்டிய கை நெஞ்சு உயரத்தில் எதன் மீதாவது தாங்கி இருக்க வேண்டும். திண்ணையில் நாற்காலியும் மேசையும் இருக்காது. சுவரோரம் உட்காரவைத்து, மடியில் தலையணையோ மடித்த போர்வையோ வைத்து அதன்மேல் கையை வைக்கச் சொன்னால் போதும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு; ஊர்க்காரப் பெண் வந்திருக்கும்போது பேசாமல் இருப்பது கடினம் என்பதால் இதைப் பயிற்சியிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும்.

பட்டையின் அளவும் முக்கியம். வழக்கமான பட்டை 22 முதல் 32 செ.மீ. வரை சுற்றளவுள்ள மேற்கைக்கானது. பருத்த கைக்கு அதையே இழுத்துக் கட்டினால் இல்லாத பிரஷர் தெரியும். மெலிந்த மூதாட்டியின் கைக்கு அது தொளதொளவென்று இருந்தால் இருக்கும் பிரஷர் மறையும். பையில் பெரிய பட்டை ஒன்று கூடுதலாக இருப்பது ஆடம்பரமல்ல. ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எழுத வேண்டும்.

இன்னொரு பிழை ஆய்வக நாளில் வருகிறது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொன்னதும், பிரஷர் மாத்திரையையும் போடாமல் வருவார்கள். அன்று அளந்தால் 160 காட்டும். மருந்து போதவில்லை என்று முடிவாகும். சுகர் மாத்திரையை மட்டும் நிறுத்திவைத்து, பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். இதை முந்தின நாளே சொல்லாவிட்டால் பயனில்லை.

குளுக்கோமீட்டரில் பெரும்பாலும் குற்றம் ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப்பில்தான். டப்பா மூடி திறந்தே கிடந்தாலும், வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்தாலும் ஸ்ட்ரிப் கெடும். திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுத வேண்டும்; பல வகைகளுக்குத் திறந்தபின் மூன்று மாதம்தான் ஆயுள். பழம் உரித்த கையோ, டீயில் சர்க்கரை கலக்கிய விரலோ தவறான எண் தரும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த விரலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். கடுமையான ரத்தசோகை இருந்தால் பல கருவிகள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

சாப்பிட்ட நேரம் பாராமல் செய்யும் எந்நேரச் சோதனையில் சர்க்கரை 140ஐத் தாண்டினால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆனால் அது நோய் உறுதியான எண் அல்ல. வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்த பின் செய்யும் இரண்டு மணி நேரச் சோதனையில் 200, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் என்பவைதான் உறுதி செய்யும் எல்லைகள். திண்ணையில் பார்த்த ஒரே எண்ணை வைத்து ஒருவரை ஆயுள் முழுக்கச் சர்க்கரை நோயாளி ஆக்கிவிடக் கூடாது.

மருந்துக் கணக்கு

5,000 பேர் கொண்ட ஒரு துணை சுகாதார நிலையத்தை எடுத்துக்கொள்வோம். வயது வந்தோர் சுமார் 3,700 என்று வைத்தால், ஸ்டெப்ஸ் விகிதப்படி 1,250 பேருக்கு உயர் அழுத்தம். பாதிப் பேர் அரசு மருந்தை நாடினால் 600 சொச்சம். நாளைக்கு ஒரு அம்லோடிபின் (ரத்த அழுத்த மாத்திரை) என்றாலே மாதம் 18,000 மாத்திரை. மூன்றில் ஒருவருக்கு இரண்டாவது மருந்தும் தேவை என்றால் அதில் 6,000. சர்க்கரை மாத்திரைகள் தனி. முன்பு மருந்தாளுநர் ஒருவர் கவுண்டரில் கொடுத்த இந்தச் சுமை, இப்போது ஒரு தன்னார்வலரின் தோள்பையில் ஏறியிருக்கிறது.

தட்டுப்பாடு எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது திரும்பத் திரும்ப ஒரே வழியில்தான் வருகிறது. போன ஆண்டு எவ்வளவு செலவானதோ அதற்குக் கொஞ்சம் கூட்டி இந்த ஆண்டுக்குத் தேவை எழுதுவார்கள். போன ஆண்டு இரண்டு மாதம் இருப்பே இல்லாமல் போயிருந்தால், செலவுக் கணக்கில் அது ‘தேவை குறைவு’ என்று பதிவாகியிருக்கும். பற்றாக்குறை அடுத்த ஆண்டின் பற்றாக்குறையைப் பெற்றெடுக்கிறது. பதிவேட்டில் உள்ள ஆட்களை எண்ணி, எந்த மருந்தை எந்த அளவில் எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று பெருக்கி, மூன்று மாதத்துக்கான கூடுதல் கையிருப்போடு எழுதுவதுதான் மாற்று.

இருப்புக் குறையும்போது 30க்குப் பதில் 10 மாத்திரை கொடுத்து எல்லாரையும் சமாளிப்பது வழக்கம். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் பத்தாம் நாள் திரும்பப் போக ஆளில்லை. இருபது நாள் இடைவெளி விழுந்துவிடும்.

சின்ன விஷயம் போலத் தெரியும் ஒன்று: மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் மற்ற பாதியோடு போய்விடும். அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் அதே மருந்து வேறு நிறத்தில் வரும். நோயாளி இரண்டையும் வேறு வேறு மருந்தென்று நினைத்து இரண்டையும் போடுவார், அல்லது புதியதைத் தள்ளிவைப்பார். முழு அட்டையாகக் கொடுப்பதும், காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா வரைந்த காகித உறையில் போட்டுக் கொடுப்பதும் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கும்.

வராத முடிவு

மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் நான்காவது படி தானாக நடக்காது. திட்டத்தின் மிகப் பெரிய பலவீனம் அங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

ஓர் உதாரணம் சொல்லலாம். 58 வயதுப் பெண். அம்லோடிபின் 5 மி.கி. தொடங்கப்பட்டது. தன்னார்வலர் மாதந்தோறும் வந்து அளக்கிறார்: 156/94, 152/92, 158/90. ஒவ்வொரு முறையும் எழுதிவிட்டு, அதே மாத்திரையை 30 கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் வேலையை அவர் சரியாகச் செய்தார். நோயாளி ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை போட்டார். ஆனால் ஓராண்டுக்குப் பிறகும் பக்கவாத ஆபத்து பெரிதாகக் குறையவில்லை. முன்பு மாதம் ஒரு முறை மருத்துவர் முன்னால் உட்கார்ந்தபோது மருந்தை மாற்றும் வாய்ப்பாவது இருந்தது; வீடு தேடி வந்த வசதி அந்தச் சந்திப்பையும் எடுத்துவிட்டது.

இதற்குத் தீர்வு, மருந்தைப் படிப்படியாகக் கூட்டும் எளிய நெறிமுறை. 2017 நவம்பரில் பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்னெடுப்பு இதைத்தான் மையமாக வைத்தது. மாநிலத்துக்கு மாநிலம் வரிசை கொஞ்சம் மாறும். ஒரு வடிவம் இப்படி இருக்கும். அம்லோடிபின் 5 மி.கி.யில் தொடக்கம். ஒரு மாதத்தில் 140/90க்குக் கீழ் வராவிட்டால் டெல்மிசார்டான் 40 மி.கி. சேர்ப்பு. அடுத்த மாதமும் வராவிட்டால் டெல்மிசார்டான் 80. அதற்கும் அடங்காவிட்டால் குளோர்தாலிடோன் 12.5 மி.கி. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பது நான்கு வரிகளில் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு மருத்துவரும் தனக்குப் பிடித்ததை எழுதினால் மருந்து வாங்குவதும் குழம்பும், செவிலியர் உதவுவதும் நடக்காது.

வீட்டுச் சேவையில் இதை எப்படிப் பொருத்துவது? தொடர்ந்து இரண்டு மாதம் 140/90க்கு மேல் வந்தால் அந்தப் பெயரைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, வாராந்திரக் கூட்டத்தில் துணை சுகாதார நிலையத்தின் இடைநிலை சுகாதார சேவையாளரிடம் கொடுக்க வேண்டும். அவர் தொலைபேசியிலோ காணொளியிலோ மருத்துவரிடம் பேசி அடுத்த படிக்கு ஒப்புதல் வாங்கலாம். தன்னார்வலரின் அடுத்த நடையிலேயே புதிய மருந்து போய்ச் சேரும். 180/110ஐத் தொட்டால் அன்றைக்கே மருத்துவர். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் தளர்ச்சி, வாய் கோணல் இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் 108.

படி ஏற்றும் முன் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: “மாத்திரை எதுவும் ஒத்துக்காம இருக்கா?” அம்லோடிபினில் கணுக்கால் வீங்கும், கிட்னி போய்விட்டது என்று பயந்து நிறுத்துவார்கள். இன்னொரு பிரஷர் மருந்தான எனலாப்ரிலில் வறட்டு இருமல் வரும். குளோர்தாலிடோன் அடிக்கடி சிறுநீர் கழிக்க வைப்பதால், பேருந்தில் வேலைக்குப் போகும் பெண்கள் அந்த நாளில் விட்டுவிடுவார்கள். போடாத மருந்துக்கு மேல் இன்னொரு மருந்தை ஏற்றுவதால் என்ன பயன்? கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கு டெல்மிசார்டான், எனலாப்ரில் இரண்டும் கூடாது.

சர்க்கரையில் ஆபத்து வேறு திசையில். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு 500 மி.கி.யில் தொடங்காமல் ஒரேயடியாக அதிகமாகக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வந்து நோயாளி ஓடிவிடுவார். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் தாழ்சர்க்கரையை உண்டாக்கும். தனியாக வாழும் 70 வயதுக்காரர், பசியில்லை என்று இரவில் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டால் விடியற்காலை நினைவிழந்து கிடப்பார். “சாப்பாடு இல்லேன்னா அந்த மாத்திரையும் வேண்டாம்” என்று ஒவ்வொரு வருகையிலும் சொல்ல வேண்டும். 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை), கால் பரிசோதனை, விழித்திரைப் பரிசோதனை ஆகிய மூன்றையும் வாசலில் செய்ய முடியாது. அதற்கு நோயாளி கட்டாயம் நிலையத்துக்கு வரத்தான் வேண்டும்.

எதை எண்ணுவது

பயனாளிகளின் எண்ணிக்கை, திட்டம் எவ்வளவு தூரம் எட்டியது என்பதைச் சொல்லும். நோய் அடங்கியதா என்பதைச் சொல்லாது. வட்டார அளவில் மாதம் ஒரே ஒரு விகிதம் பார்த்தால் போதும்: பதிவாகி மூன்று மாதம் கடந்த எல்லா நோயாளிகளில், கடந்த மூன்று மாதங்களுக்குள் எடுத்த கடைசி அளவு 140/90க்குக் கீழ் இருந்தவர்கள் எத்தனை சதவீதம்? வராதவர்களை மொத்த நோயாளிகளின் எண்ணிக்கையிலிருந்து நீக்கக் கூடாது. நீக்கினால் விகிதம் அழகாகும், பொய்யாகும்.

எண்கள் உண்மையா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. டிஜிட்டல் கருவியில் கடைசி இலக்கம் பூஜ்யமாக வருவது பத்தில் ஒன்றுதான். பதிவேட்டில் பாதி அளவுகள் 130/80, 140/90 என்றே இருந்தால் அவை அளக்கப்படாமல் எழுதப்பட்டவை, அல்லது முழுமையாக்கி எழுதப்பட்டவை. இதைத் தண்டனைக்குப் பயன்படுத்தினால் அடுத்த மாதம் 132/84 என்று எழுதுவார்கள். ஏன் அளக்க நேரமில்லை, கருவியில் பேட்டரி இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை வீடு கொடுத்திருக்கிறோம் என்று கேட்பதே பலன் தரும்.

2023–24இல் நடந்த இரண்டாவது ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு 7.3இலிருந்து 17 சதவீதமாகவும், சர்க்கரைக் கட்டுப்பாடு 10.8இலிருந்து 16.7 சதவீதமாகவும் உயர்ந்திருந்தது. மூன்று நான்கு ஆண்டுகளில் இது உண்மையான முன்னேற்றம். அதை முழுக்க இந்தத் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, திட்டம் இல்லாத மாவட்டம் எதுவும் விடப்படவில்லை. தேசிய முன்னெடுப்பில் சிகிச்சையில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டுப்பாடு என்று 2022இல் சொல்லப்பட்டதோடு இந்த 17ஐ ஒப்பிடுவதும் தவறு. அது சிகிச்சைக்கு வந்தவர்களில் கணக்கு. இது நோய் இருப்பதே தெரியாதவர்களையும் சேர்த்த கணக்கு.

ரத்த அழுத்தக் கட்டுப்பாடு 17 சதவீதத்தைத் தாண்டாததற்கு இன்னொரு காரணம், பகலில் கதவைத் தட்டினால் திறப்பவர் யார் என்பது. பெண்களும் முதியவர்களும் வீட்டில் இருப்பார்கள். 35 வயது லாரி ஓட்டுநரும், பனியன் கம்பெனித் தொழிலாளியும், கொத்தனாரும் இருக்க மாட்டார்கள். 55 வயதில் மாரடைப்பு வந்து குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துவது பெரும்பாலும் இவர்களுக்குத்தான். 2024இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது இந்த இடைவெளிக்காகவே. தொழிற்சாலை வாசலில் அது எளிது. வாரம் ஒரு தளம் மாறும் கட்டடத் தொழிலாளிக்கு எளிதல்ல. அவரிடம் ஊர் நிலையத்தின் பதிவு எண் எழுதிய சிறு அட்டை ஒன்று இருந்து, எந்த மாவட்ட நிலையத்தில் காட்டினாலும் கேள்வி கேட்காமல் இரண்டு மாத மாத்திரை தர வேண்டும். சம்பளம் போடும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல், ஆட்கள் கூடும் இடத்திலேயே பிரஷர் கருவியோடு ஒரு செவிலியர் உட்கார வேண்டும். அந்த நேரப் பணிக்கு அவருக்குத் தனி ஊதியமும், திரும்பிப் போக வண்டியும் வேண்டும். தன்னார்வலரின் மதிப்பூதியத்துக்குள் அதை அடக்கப் பார்த்தால் இரண்டாம் மாதமே நின்றுவிடும்.